யோகம்மாவின் பீப்பாவில் காஸ் நிற்கவில்லை

யோகம்மாவின் இஞ்சிப் பியர் போன வருடம் மானத்தை வாங்கிய கதை டென்மார்க்கின் கோல்டிங் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவர் வாய் திறந்து ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாத கதைதானே நம்மவர்களிடம் முதலில் போய்ச் சேரும்! ஆகவே மறைத்துப் பயனில்லை.

ஆனால் ஆள் யார் என்று முதலில் சொல்ல வேண்டும். யோகம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. டென்மார்க்குக்கு வந்து முப்பத்திரண்டு வருடம். அதில் இருபத்து மூன்று வருடம் ஊர் எல்லையிலுள்ள வால்வுத் தொழிற்சாலையில், ஒரே மேசை, ஒரே கதிரை. செய்து முடித்த வால்வைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றடித்துப் பார்ப்பதுதான் வேலை. குமிழி வந்தால் சிவப்புப் பெட்டி, வராவிட்டால் பச்சைப் பெட்டி. நாளுக்கு நானூறு வால்வு. கடுகளவு குமிழியும் அவர் கண்ணுக்குத் தப்பாது. மெஷின் நல்லதென்று விட்டதை அவர் கூடாது என்று தள்ளி வைக்க, கடைசியில் அவர் சொன்னதே சரியாகிப்போன நாட்களும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனுசியின் வீட்டிலேயே காஸ் ஒழுகினால் எப்படி இருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இஞ்சிப் பியர் தொடங்கியதே கோபத்தில்தான். தொழிற்சாலையின் நத்தார் விருந்தில் எல்லாரும் பியர்க் கிளாஸைத் தூக்குவார்கள். மது தொடாத யோகம்மாவின் முன்னால் ஒரு சின்னப் பெட்டி தோடம்பழச் சாறு வைப்பார்கள், ஸ்ட்ரோவும் குத்தி. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சாமான். பதின்மூன்றாம் வருடம் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த விருந்துக்கு இஞ்சியை இடித்து, பனங்கட்டி, தேசிக்காய், நாலு கராம்பு, ஒரு செத்தல் மிளகாய் போட்டுக் காய்ச்சி வடித்து, சோடா மெஷினில் காஸ் ஏற்றிக்கொண்டு போனார். அதில் ஒரு கிளாஸ் குடித்த ஹென்னிங்குக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. துடைத்துவிட்டு இன்னும் கேட்டார்.

இந்த ஹென்னிங் அப்போது தொழிற்சாலையில் மெஷின் திருத்துபவர், இப்போது பென்சன்காரர், வீட்டில் பியர் வடிப்பவர்களின் சங்கத்துக்குத் தலைவர். டெனிஷ்காரர் மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பிறக்கும். இந்த விஷயத்தில் நாங்களும் குறைந்தவர்களில்லை. மது இல்லாவிட்டால் என்ன, நுரைக்கிறதுதானே என்று சொல்லி ஹென்னிங் யோகம்மாவையும் சேர்த்துக்கொண்டார். பத்தொன்பது லீற்றர் பிடிக்கும் பழைய எஃகுப் பீப்பா இரண்டையும் கொடுத்தார். அந்தப் பீப்பாவின் தலையில் இரண்டு மூக்கு இருக்கும். ஒன்றில் காஸ் போத்தலிலிருந்து வரும் ரியூப்பைப் பூட்ட வேண்டும், மற்றதில் பானம் வெளியே வரும் பைப். ஒவ்வொரு மூக்கிலும் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் ஒழுங்காக இருந்தால் காஸ் உள்ளே நிற்கும், குளிரில் நாலைந்து நாள் வைத்தால் பானத்தில் கலந்து சுள்ளென்று ஏறும். வளையம் சரியில்லை என்றால் கதை கந்தல்.

சங்கத்துக்கு நவம்பர் முதல் சனிக்கிழமை பெருநாள். அங்கத்தவர்கள் ஆளுக்கொரு பீப்பாவை மண்டபத்தில் கொண்டுவந்து வைப்பார்கள், ஊர்ச்சனம் வந்து இலவசமாகக் குடிக்கும். நடுவர், புள்ளி என்று ஒன்றும் கிடையாது. யாருடைய பீப்பா முதலில் காலியாகிறதோ அவர் வென்றார், அவ்வளவுதான். போன வருடம் யோகம்மா பெருமையோடு பைப்பைத் திறந்தார். வந்தது சப்பென்ற இஞ்சித் தண்ணீர். வழியில் எங்கோ காஸ் எல்லாம் ஒழுகிப் போயிருந்தது. ஹென்னிங் ஒரு வாய் குடித்துவிட்டு "ஸ்பென்னெனே" என்றார், சுவாரசியமாக இருக்கிறது என்று அர்த்தம். டெனிஷ்காரர் சாப்பாட்டை அப்படிச் சொன்னால், பிடிக்கவில்லை, ஆனால் உங்கள் மனம் நோகக்கூடாது என்று விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னேரம் யோகம்மா பதினெட்டு லீற்றரையும் வீட்டுக்குத் தூக்கி வந்து கழிவுக் கானுக்குள் ஊற்றினார். ஒரு வருடமாக அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை.

அதனால்தான் இந்த வருடம் வாயை விட்டார். ஒரு பிறந்தநாள் விழாவில், நாற்பது பேர் முன்னால், இந்த முறை தன் பீப்பாதான் முதலில் காலியாகும் என்று சொல்லிப்போட்டார். சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்க முடியுமா? அவருடைய கணவர் சபாரத்தினம், முப்பது வருடம் பஸ் ஓட்டி இளைப்பாறியவர், உடனே களத்தில் இறங்கினார். நாற்பது பேரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லி ஆள் ஆளாக ரெலிபோன். ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடித்தால் பீப்பா காலி என்று கணக்குச் சொன்னார். யோகம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"எங்கட சனம் குடிச்சு முடிச்சால் அதுக்குப் பேர் வெற்றியோ?" என்று கேட்டார். ஆனால் வரவேண்டாம் என்றும் அவர் சொல்லவில்லை.

பெருநாளுக்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பானத்தைப் பீப்பாவில் நிரப்பினார். வளையங்களுக்குத் தேங்காயெண்ணெய் பூசினார். தொழிற்சாலையில் வளையம் மாட்டும்போது ஒரு துளி கிறீஸ் பூசுவது வழக்கம். அந்தக் கிறீஸைச் சாப்பாட்டுச் சாமானில் பூசலாமோ என்று பயந்து, வாய்க்குள் போகக்கூடிய சுத்தமான எண்ணெயாகத் தானே தெரிந்தெடுத்தது அது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பீப்பாவைப் பின்வளவுக் கொட்டிலில் இருக்கும் ஃபிரிட்ஜுக்குள் ஏற்றி, நன்றாகக் குளிர்ந்த பிறகு ரியூப்பைப் பூட்டி, காஸைத் திறந்தார்.

காஸ் போத்தலின் முள் ஒரு பச்சைப் பொய்யன். உள்ளே கடைசிச் சொட்டு இருக்கும்வரை நிறைய இருக்கிறது என்றே காட்டும், பிறகு திடீரென்று விழும். போன வருடம் அதை நம்பித்தான் கெட்டார். இந்த முறை தராசை நம்பினார். ஞாயிறு போத்தலில் இரண்டு கிலோ காஸ். இந்தப் பீப்பாவுக்கு நூற்றைம்பது கிராம் தாராளம். திங்கள் வேலையால் வந்து நிறுத்தால் அறுநூறு கிராமைக் காணவில்லை.

யோகம்மா போத்தலை இன்னொரு முறை நிறுத்தார், அதே கணக்கு. அடுத்த கணமே கை பரபரத்தது. கசிவு பிடிப்பது அவருடைய தொழில், இதற்கா பயம்! ரியூப்பைக் கழற்றி, பீப்பாவையும் போத்தலையும் குசினிக்குள் தூக்கிவந்து வெளிச்சத்தில் வைத்தார். குளிர் விட்டதும் எல்லாவற்றையும் மறுபடி பூட்டி, சோப்புத் தண்ணீரை விசிறும் போத்தலில் ஊற்றி, மூட்டு மூட்டாக அடித்தார். மூடியைச் சுற்றி, மூக்குகளைச் சுற்றி, ரியூப்பின் இரண்டு நுனி, போத்தலின் கழுத்து. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. சரி என்று எண்ணெயை இன்னும் கொஞ்சம் பூசிக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். செவ்வாய் நிறுத்தால் இன்னும் ஐந்நூறு கிராம் போயிருந்தது.

ஹென்னிங்கைக் கேட்டார். காஸை மூடிவிட்டு, பீப்பாவின் அழுத்தம் காட்டும் மற்ற முள் விழுகிறதா என்று பார்க்கும்போது ஏமாறாதே, குளிர்ந்த பானமும் காஸைக் குடிக்கும், வெறும் பீப்பாவில் செய்து பார் என்றார் அவர். புத்தியான பேச்சு. இரண்டாவது பீப்பாவை வெறுமையாகக் குசினியில் வைத்து, எண்ணெய் பூசி, காஸ் நிரப்பி, போத்தலை மூடினார். இரண்டு மணித்தியாலம் முள் அசையவில்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பிய பெரிய பிளாஸ்ரிக் தொட்டிக்குள் அதைத் தலைகீழாக அமிழ்த்தியும் பார்த்தார். அசுமாத்தம் இல்லை. ரியூப்பைக் கழற்றி, அதே பீப்பாவைக் கொட்டில் ஃபிரிட்ஜில் குளிரவைத்து, மறுபடி ரியூப்பைப் பூட்டிக் காஸ் நிரப்பினார். அரை மணித்தியாலத்தில் முள் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்குள்ளே தங்கமான பிள்ளை, வெளியே போனால் வாயைப் பிளக்கிறது. ரியூப்பை மாற்றினார், இணைப்பை மாற்றினார், போத்தலின் வாசரை மாற்றினார். ஒவ்வொரு முறையும் தவறாமல் இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

புதன்கிழமை போத்தலில் மிஞ்சியது ஐந்நூறு கிராம். காஸ் மாற்றும் கடையில் இனித் திங்கள்தான் வரும் என்றார்கள். சனிக்குள் இது தீர்ந்தால் மறுபடியும் சப்பென்ற தண்ணீர், மறுபடியும் அதே சொல், இந்த முறை நாற்பது பேர் பார்க்க. ஒடென்சேயில் படிக்கும் மகள் மிதுஷா ரெலிபோனில் டெனிஷில், அம்மா, அது சும்மா சோடாதானே என்றாள். யோகம்மா போனை வைத்துவிட்டார். பிறகு எண்ணெய்ப் போத்தலையே தூக்கிக்கொண்டு கொட்டிலுக்குப் போய், இரண்டு பீப்பாவின் வளையங்களையும் ஊறப் பூசி, காஸ் போத்தலை இறுக்கி மூடிவிட்டு வந்து படுத்தார்.

வியாழன் விடிய ஐந்தரைக்கு அவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கத்தில் சபாரத்தினமும் அந்த நேரமே எழும்பித் தோய்ந்துவிடுவார். குளியலறையிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சரப்பா, ஹீற்றருக்கு மேல கிடந்த எண்ணெய்ப் போத்தலைக் காணேல்லை. எங்கை வைச்சனீர்?"

அப்போதுதான் யோகம்மாவுக்கு அது கொட்டிலில் கிடப்பது நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார். கதவோரத் தட்டில் போத்தல் இருந்தது. உள்ளே எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டிப்பட்டுக் கிடந்தது. தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு சொட்டும் வரவில்லை. எப்படி வரும், நவம்பர்க் குளிரில்? சூடேற வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுப்பக்கம் நாலு அடி நடந்தவர், ஈரப்புல்லின் நடுவில் அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பி ஓடினார். ஃபிரிட்ஜைத் திறந்து, பீப்பாவின் மூக்கிலிருந்து காஸ் இணைப்பை இழுத்துக் கழற்றினார். வளையத்தைச் சுற்றி மெழுகு சிந்தினமாதிரி வெள்ளை வெள்ளையாகக் கட்டி. இணைப்பு ஒழுங்காகப் போய் உட்கார முடியாமல் அந்தக் கட்டியின் மேல் ஏறி நின்றிருக்கிறது. விரலால் சுரண்டிப் பார்த்தார். தேங்காயெண்ணெய் மணம் மூக்கில் ஏறியது.

"அடி விசரி," என்று தன்னைத்தானே திட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரிக்காமல் என்ன செய்வது! இந்த நாட்டில் எந்தத் தமிழ் வீட்டுக் குளியலறைக்குள் போனாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய் ஹீற்றரின் மேல்தான் இருக்கும். அங்கிருந்து இறக்கினால் உறைந்துவிடும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். முப்பத்திரண்டு குளிர்காலம் அந்தப் போத்தலை ஹீற்றரில் எடுத்து ஹீற்றரில் வைத்த கைதான், அதே எண்ணெயை நாலு பாகை ஃபிரிட்ஜுக்குள் போகிற வளையத்துக்கு அள்ளி அள்ளிப் பூசியிருக்கிறது. குசினிச் சூட்டில் எண்ணெய் இளகும், இணைப்பு வழுக்கிக்கொண்டு போய்ப் பொருந்தும், காஸ் நிற்கும். கொட்டிலில் எண்ணெய் கட்டியாகும், இடைவெளி விழும், காஸ் போகும். அவர் சோப்பும் தண்ணீரும் கொண்டு சோதித்ததெல்லாம் சூடான இடத்தில். ஒழுகியதெல்லாம் குளிரில்.

துவாயோடு வாசலில் நடுங்கிக்கொண்டு நின்ற சபாரத்தினத்திடம் உறைந்த போத்தலை நீட்டினார்.

"கண்டுபிடிச்சிட்டனப்பா!"

"ஒரு எண்ணெய்ப் போத்தலுக்கு ஏன் இப்பிடிச் சிரிக்கிறீர்?" என்றார் அவர், பயந்துபோய்.

அன்று தொழிற்சாலையில் நேரம் நகர மறுத்தது. தொட்டிக்கு மேலே சுவரில் ஒரு வெப்பமானி தொங்குகிறது, எப்போதும் இருபத்திரண்டு பாகை. இருபத்து மூன்று வருடமாகக் கண்ணுக்கு முன்னால் தொங்கியதை அன்றுதான் அவர் பார்த்தார். பார்த்த உடனே மறுபடி சிரிப்பு வந்தது. பக்கத்து மேசைக்காரி என்ன என்று கேட்க, ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். வால்வுகள் வந்துகொண்டே இருந்தன. மூன்று மணிக்குச் சைக்கிளில் ஏறியவர் மேட்டையும் பார்க்காமல் மிதித்து ஹென்னிங் வீட்டு வாசலில் போய்த்தான் மூச்சு வாங்கினார்.

ஹென்னிங் தன்னுடைய கறுப்புப் பியர்ப் பீப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் வென்ற பீப்பா அது. யோகம்மாவுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வாழ்நாள் முழுவதும் மெஷின் திருத்திய மனுசனிடம், நான் வளையத்துக்குத் தலையெண்ணெய் பூசினேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் செய்தார். ஹென்னிங் சிரிக்கவில்லை. அந்த எண்ணெய் எத்தனை பாகையில் உறையும் என்று கேட்டார். இருபத்து நாலு என்றதும் எழும்பிக் கராஜுக்குள் போய், சாப்பாட்டுச் சாமானுக்கென்றே விற்கும் கிறீஸ் ரியூப் ஒன்றும், ஒரு பை புது வளையமும் கொண்டுவந்து கையில் வைத்தார்.

"தோற்றாலும் காஸோடு தோற்க வேண்டும், யோகம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்து மூக்குகளைக் கொதிதண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, கொழுப்பின் சாயலே இல்லாமல் துடைத்தார். புது வளையம், அரிசியளவு கிறீஸ். முதலில் வெறும் பீப்பா. இந்த முறை குசினிப் பக்கமே போகவில்லை. ஃபிரிட்ஜில் குளிரவைத்து, குளிரிலேயே பூட்டி, காஸை விட்டு, போத்தலை மூடினார். கோட்டைப் போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளியில் இருந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணித்தியாலம். விரல் விறைத்தது, முள் அசையவில்லை. சோப்பை அடித்து, ரோச்லைற்றோடு ஃபிரிட்ஜுக்குள் தலையை நுழைத்துப் பார்த்தார். குமிழி இல்லை. யோகம்மா கொட்டிலுக்குள் தனியாக நின்று கைதட்டினார்.

பானத்துக்கு நாலைந்து நாள் கொடுக்க இனி நேரமில்லை. காஸைக் கூட்டி வைத்துவிட்டு ஆட்டினால் ஒரே நாளில் ஏறும் என்பது சங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த குறுக்குவழி. வெள்ளிக்கிழமை சபாரத்தினம் தன் மடியில் பீப்பாவைக் கிடத்தி, செய்தி பார்த்துக்கொண்டே ஆட்டினார். முழங்கால் நோகுது என்று முணுமுணுத்தார், நிறுத்தவில்லை. பின்னேரம் குளிரவைத்து ஒரு கிளாஸ் எடுத்தார்கள். நுரை பொங்கி எழுந்தது. முதல் வாயிலேயே இரண்டு பேருக்கும் இருமல். தராசில் இன்னும் இருநூற்றைம்பது கிராம் இருந்தது, போதும்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு மண்டபம் திறந்தது. பதினொரு பீப்பா வரிசையாக நின்றது. யோகம்மாவினுடையது கடைசி, கதவடியில். கைப்பைக்குள் சோப்புத் தண்ணீர்ப் போத்தல், எதற்கும் இருக்கட்டும் என்று. நாற்பது பேருக்கும் ஒரு மணி என்றுதான் சபாரத்தினம் சொல்லியிருந்தார். ஒன்றே காலுக்கு ஒருவரையும் காணவில்லை. ஒன்றரைக்கு ரெலிபோன் எடுத்தார், வெளிக்கிட்டாயிற்று என்றார்கள். அது வீட்டைவிட்டு வெளிக்கிடுதலா, சேலை உடுத்தி வெளிக்கிடுதலா என்று நமக்குத் தெரியாதா! அவருக்கு முகம் கறுத்துப்போயிற்று. அவருடைய கணக்கு முழுவதும் அந்த நாற்பது பேரில் அல்லவா இருந்தது.

யோகம்மா அதைக் கவனிக்கவில்லை. ஹென்னிங் கிளாஸோடு முன்னால் வந்து நின்றார். பைப்பைத் திறக்க, சுர்ரென்று வந்து விளிம்புவரை நுரைத்தது. ஹென்னிங் குடித்தார். யோகம்மா அவர் வாயையே பார்த்தார், அந்தச் சொல் வருகிறதா என்று. ஹென்னிங் வெறுங்கிளாஸை மறுபடி நீட்டினார்.

அதன் பிறகு கை ஓயவில்லை. கார் ஓட்ட வேண்டியவர்கள் வந்தார்கள். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி வந்து, மூன்றாவது கிளாஸுக்குத் தன் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கறுப்புப் பியர் குடித்துக் களைத்தவர்கள் வாய் மாற்ற வந்து அங்கேயே நின்றுவிட்டார்கள். மிளகாய் போட்டதா என்று கேட்டு, ஓம் என்றதும் சிநேகிதரை இழுத்துவந்து கொடுத்து, அவர் இருமுவதைப் பார்த்துச் சிரித்தார்கள். வரிசை கதவைத் தாண்டி வெளியே நின்றது. சபாரத்தினம் கிளாஸ் கழுவிக் கழுவிச் சட்டைக் கை நனைந்து நின்றார்.

மூன்று இருபதுக்கு, பைப்பிலிருந்து பானம் இரண்டு முறை தும்மியது. பிறகு ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். ஒரு வாரமாக யோகம்மா தேடித் திரிந்த அதே சத்தம், காஸ் வெளியே போகிற சத்தம். கை தானாகக் கைப்பைக்குள் போய்ச் சோப்புத் தண்ணீரை எடுத்து, மூக்கில் அடிக்கக் குனிந்துவிட்டது. ஹென்னிங் ஓடிவந்து பீப்பாவைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. ஒழுகவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை, குடித்து முடித்துவிட்டார்கள். ஹென்னிங் திரும்பித் தன் கறுப்புப் பியரைப் பார்த்தார், அது பாதியில் நின்றது. மேடைக்குப் போய், வென்றவருக்காக அடிக்கும் மணியை எடுத்து அவரே அடித்தார். யோகம்மா சோப்புப் போத்தலைப் பிடித்தபடியே அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு நம்முடைய நாற்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, பிள்ளைகள், கமரா. பீப்பாவைக் காலியாக்கி யோகம்மாவை வெல்லவைக்கவென்று ஆளுக்கொரு கிளாஸைத் தூக்கிக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். சபாரத்தினம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பைப்பைத் திறந்து காட்டினார்.

"இனி வந்து என்ன செய்யிறது? காஸ் மட்டும்தான் மிச்சம்," என்றார்.